சாமுவேல் போட்ட டாலர் குறி

ஆம்பூரில் சாமுவேல் என்று பேர் சொல்லி விசாரித்தால், எந்த சாமுவேல் என்று திருப்பிக் கேட்பார்கள். செலக்‌ஷன் சாமுவேல் என்று சொல்லிப் பாருங்கள். அவன் வேலை பார்க்கும் தோல் கம்பெனி, சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கும் வீடு, வாசலில் நிற்கும் பழைய பைக் வரைக்கும் எல்லாம் சொல்லிவிட்டு, "நல்ல மனுசன்தான், ஆனா எதையும் லேசுல நல்லாருக்குதுன்னு ஒத்துக்க மாட்டான்" என்று ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்து அனுப்புவார்கள்.

அவன் பிழைப்பே அதுதான். பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்ட தோல்கள் கட்டுக்கட்டாக அவன் மேசைக்கு வரும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா, முள் கிழித்த கோடு இருக்கிறதா, உரிக்கும்போது கத்தி பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் சாக்பீஸால் தரத்தை எழுதுவான். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மேசைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இரண்டு தரத்துக்கு நடுவில் நிற்கிற தோல் கீழ்த் தரத்துக்குத்தான் போகவேண்டும். ஒன்றாம் தரத்துக்கு நூலளவு குறைந்தாலும் அது இரண்டுதான். மேலே தூக்கிப் போட்டால், கடல் தாண்டி வாங்குகிறவன் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்புவான். கீழே போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. தோல் வாய் திறந்து பேசாது அல்லவா.

இந்தப் பழக்கம் மேசையோடு நிற்கவில்லை. வீட்டில் பிரிசில்லா மீன் குழம்பு வைத்து, "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், "பரவால்ல" என்பான். ரொம்ப நன்றாக இருந்தால் "பரவால்லயே" என்பான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து தனக்கு ஒன்றாம் நம்பர் கிடைத்ததே இல்லை என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் உண்டு என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர.

வேலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவன். சென்னையில் வேலை தேடி அலைந்து, செருப்புத் தேய்ந்து, ஊர் திரும்பி, மாமனார் சிபாரிசில் தோல் கம்பெனிக்குள் நுழைந்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் அவன்தான். படித்த படிப்பையும் வாசிக்கிற கீபோர்டையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று தெரியவந்தது ரொம்பச் சமீபத்தில். சக் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி, சங்கீதத்துக்கென்றே உண்டாக்கியது. ஒரு வரி எழுதினால் லேப்டாப் ஒரு சுரம் பாடும். நாலு வரி எழுதினால் தாளத்தோடு பாடும். மைக்கில் நாம் பாடினால், என்ன சுருதியில் பாடினோம் என்று திருப்பிச் சொல்லவும் வைக்கலாம். வேலை முடிந்து வந்ததும் காபியைக்கூட ஆறவிட்டு அதோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டான்.

அந்த வருடம் சபை நாள் ஆராதனைக்காக ஐயரே ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தார். அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பாட்டின் நடுவில் ஒரு தனிக்குரல் வரும். தனிக்குரல் என்றாலே எங்கள் பக்கத்துச் சபைகளில் சண்டை என்று அர்த்தம். போன வருடம் ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் வரைக்கும் வேறு சபையில் போய் உட்கார்ந்தது.

வழக்கமாகத் தனிக்குரல் ஆரோக்கியமேரிக்குத்தான் போகும். பிறந்தது காவேரிப்பாக்கத்தில், ஒரு ஆர்.சி. கத்தோலிக்கக் குடும்பத்தில், கல்யாணம் கட்டி இந்தச் சபைக்கு வந்தவர். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வேலை. ஐம்பதை நெருங்குகிறார். பாட்டு என்று யாரிடமும் படித்ததில்லை. சாமுவேலும் பிரிசில்லாவும் மற்ற எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு நாள்தான் அக்காவே பாடுவது என்று இளம்பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். பாடகர் குழுவில் பிரிசில்லாவும் ஒருத்தி. வெளியே சொல்ல மாட்டாள், ஆனால் அவளுக்கு ஆசை.

சாமுவேலுக்கு இருதலைக் கொள்ளி. அக்காவைச் சொன்னால் வீட்டில் முகம் தூக்கிக்கொள்ளும். பிரிசில்லாவைச் சொன்னால் பொண்டாட்டிக்குப் பட்டம் கட்டிவிட்டான் என்று சபை முழுக்கப் பேசும். யோசித்து யோசித்து, ஒரு பயிற்சி நாளில் எழுந்து சொன்னான்.

"இந்த வாட்டி நான் சொல்லல, ஐயரும் சொல்ல வேணாம். எல்லாரும் பாடட்டும். யார் சுருதி சுத்தமா இருக்குதுன்னு லேப்டாப் சொல்லட்டும்."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "மிஷினுக்கு மாமன் மச்சான் கெடையாதுல்ல, நல்லதுதான் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்.

ஏற்பாடு சுலபம். கீபோர்டில் ஆரம்பச் சுருதியைக் கேட்டுக்கொண்டு, பக்கவாத்தியம் இல்லாமல் ஒவ்வொருவராகப் பாடவேண்டும். லேப்டாப் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு எண்ணாக மாற்றும். கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் இருக்கிறது. நடுக்கட்டை அறுபது என்றால் அதற்கு அடுத்தது அறுபத்தொன்று. ஆனால் மனிதத் தொண்டை கட்டை கட்டையாகவா பாடும்? அறுபதே கால் என்றும், அறுபத்தொன்றுக்கு மயிரிழை கம்மி என்றும்தான் பாடும். ஆகவே லேப்டாப்புக்குக் கிடைப்பது புள்ளி வைத்த தசம எண். பாட்டில் இருப்பதோ முழு எண். இரண்டையும் ஒப்பிட, தசமத்தை முழு எண்ணாக மாற்றியாகவேண்டும்.

இங்கேதான் சக் முரண்டு பிடித்தது. முழு எண்ணைத் தசம எண்ணுக்கான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது ஒன்றும் சொல்லாது. அதில் எதுவும் சேதமாவதில்லை. தசமத்தை முழு எண்ணுக்கான இடத்தில் வைக்கப் பார்த்தால் மட்டும், பிழை என்று சொல்லி நின்றுவிடும். நானாகச் செய்ய மாட்டேன், வேண்டுமென்றால் நீயே சொல் என்று அர்த்தம். அப்படிச் சொல்வதற்கென்று ஒரு குறி வைத்திருக்கிறார்கள், டாலர் குறி. எண்ணை எழுதி, பக்கத்தில் டாலரைப் போட்டு, எந்த வகையாக மாறவேண்டுமோ அந்த வகையின் பேரை எழுதினால் மாறிவிடும்.

சாமுவேல் அந்தக் குறியை முதலில் பழகியது சக்குக்குள் கிடைக்கும் வாத்தியங்களில். புல்லாங்குழல் மாதிரி ஒரு குறிப்பிட்ட வாத்தியத்தைப் பொதுவான வாத்தியமாக நடத்தவேண்டுமானால் அதே டாலரைப் போடலாம். அங்கே வாத்தியம் அப்படியே இருக்கும். அதை நடத்துகிற விதம்தான் மாறும். எண்ணில் அப்படி இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் குறி ஒரே வெட்டாக வெட்டிப் போட்டுவிடும். பக்கத்தில் இருக்கும் எண் எது என்று பார்க்காது. சாமுவேல் ஒருமுறை சோதித்துக்கூடப் பார்த்தான். அறுபத்தொன்று புள்ளி ஒன்பது கொடுத்தான், அறுபத்தொன்று வந்தது. அறுபத்திரண்டுக்கு நூலளவு குறைச்சல், ஆகவே அறுபத்தொன்று. வேறு யாராவது இருந்தால் இது என்ன அநியாயம் என்று கேட்டிருப்பான். இவன் தினமும் பகல் முழுக்கச் செய்வதே அதுதானே. சரியாகத்தான் இருக்கிறது என்று லேப்டாப்பை மூடிவைத்தான்.

பாடும் நாள் வந்தது. அக்கா பாடியபோது பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் போனை மடியில் வைத்தார்கள். சாமுவேலின் விரல்கள் கீபோர்டின் மேல் தொடாமலே அவர் பாடிய கட்டைகளைத் தேடிப் போயின. ஒவ்வொரு கட்டையும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அப்புறம் பிரிசில்லா பாடினாள். குரல் இனிப்பான குரல்தான். ஆனால் பதற்றம் வந்தால் அவள் சுருதி மேலே ஏறும். அன்றைக்கு ஏறியது. பல இடத்தில் அவனுக்குப் பல் கூசியது.

லேப்டாப் சொன்னது வேறு. பிரிசில்லாவுக்கு அநேகமாக எல்லாம் சரி. அக்காவுக்கு அநேகமாக எல்லாம் தப்பு. ஒவ்வொரு சுரமும் ஒரு கட்டை கீழே.

 அக்கா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன புரிந்திருக்கும்? "ஒரு கட்டையா இறங்கிட்டேன்? எனக்குத் தெரியலையே தம்பி" என்றார்.

"மிஷின்ல அப்படித்தான்கா வருது" என்றான் சாமுவேல்.

அந்த ஒரு வாக்கியத்தை அவன் எவ்வளவு வேகமாகச் சொன்னான் என்பது அப்புறம் பல நாள் அவன் நெஞ்சை அறுத்தது. ஏனென்றால் அந்த நிமிஷம் அவனுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. தான் வாயைத் திறக்காமலே, யார் பழிச்சொல்லும் இல்லாமல், பெண்டாட்டிக்கு ஒன்றாம் நம்பர் கிடைத்துவிட்டது. பிரிசில்லாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தான். கல்யாணப் போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதற்குமேல் அவன் எதையும் கிளறிப் பார்க்கவில்லை.

அடுத்த பயிற்சியிலிருந்து அக்கா பின்வரிசைக்குப் போய்விட்டார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து பாடும் இடங்களில்கூட அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சாமுவேல் கவனித்தான். வயதாகிறது, வருத்தம் இருக்கும், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சபை நாளுக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம். பிரிசில்லா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு இடம் சந்தேகமாக இருக்கவே, கீபோர்டில் அந்தக் கட்டையை அமுக்கிக் கேட்டாள். மைக் அதையும் வாங்கிக்கொண்டது. அவள் ஒரு நிமிஷம் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். உங்க மிஷினு கீபோர்டையே ஃபெயில் பண்ணிடுச்சி!"

துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்த சாமுவேல் பார்த்தான். அவளை நகர்த்திவிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கினான். சிலது சரி, சிலது தப்பு, தப்பானதெல்லாம் ஒரு கட்டை கீழே. கீபோர்டு எப்படித் தப்பாகப் பாடும்? எண்களை வெட்டுவதற்கு முன்னால் எடுத்துப் பார்த்தான். அறுபத்தேழு புள்ளி ஒன்பது ஒன்பது. அறுபத்தெட்டிலிருந்து எந்தக் காதாலும் பிரித்துக் கேட்கமுடியாத தூரம். டாலர் குறி அதை அறுபத்தேழாக்கி, ஒரு முழுக் கட்டை கீழே தள்ளியிருந்தது.

 வெட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அதற்கப்புறம்தான் டாலர் போடவேண்டும். ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். சேர்த்தான். அன்றைக்குப் பதிவு செய்து வைத்திருந்த குரல்களை மறுபடியும் உள்ளே விட்டான். அக்கா ஒவ்வொரு சுரத்திலும் மயிரிழை கீழே நின்றிருந்தார், அவ்வளவுதான். இப்போது அநேகமாக எல்லாம் சரி. பிரிசில்லா அரைக் கட்டைக்கும் மேலே ஏறிப் போன இடங்கள் எல்லாம் இதுவரை வெட்டில் மறைந்திருந்தன. இப்போது பாதிக்குமேல் தப்பு.

பிரிசில்லா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"அப்ப அக்கா பாஸா?"

"ம்."

"நான்?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சபை நாளுக்கென்று எடுத்த இளம்பச்சைப் புடவை ரவிக்கைத் துணியோடு அங்கே இருந்தது.

"ஞாயித்துக்கெழமை முடியட்டுங்க" என்றாள் மெதுவாக. "எங்க அம்மா ஆற்காட்டுலேர்ந்து வர்றாங்க. தங்கச்சி வர்றா. எல்லாருக்கும் சொல்லிட்டேன். முடிஞ்சதும் சொல்லிக்கலாம். அக்கா இன்னா, அடுத்த வருசம் பாடிட்டுப் போறாங்க."

அது சரியில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன், "சரி, பாக்கலாம்" என்றான். அவளுக்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டான். உண்மையில் அவனுக்கும் அந்த நாலு நாள் தேவைப்பட்டது. குற்றம் செய்தவன் தவணை கேட்பது புதிதா என்ன.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று அதே வேலை செய்யும் சுஹேல் அகமது, "இன்னாப்பா தோஸ்த், காலையிலேர்ந்து ஒரே தோலத் தடவிக்கினு நிக்கிற?" என்று கேட்டான். சாமுவேல் அடக்கமாட்டாமல் கதையைச் சொன்னான். சுஹேல் கேட்டுவிட்டுக் கையை உதறினான்.

"அட, மிஷின் பண்ண தப்புக்கு நீ இன்னாத்துக்குப் பேஜார் ஆவுற? போய்ச் சொல்லிடு, மிஷின் ரிப்பேர்னு. யாரு உன்னக் கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அவனை வதைத்தது. மிஷின் தானாக வெட்டவில்லை. நின்று, பிழை என்று சொல்லி, நீ சொல்கிறாயா என்று கேட்டது. இவன்தான் வெட்டு என்று சொன்னான். வெட்டுகிற இடத்தையும் தன் கண்ணால் பார்த்து, சரி என்றான். கையில் இருந்த தோலைப் பார்த்தான். கழுத்துப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு முள் கோடு. இத்தனை வருடம் இந்த மாதிரி எத்தனை தோலைக் கீழே போட்டிருப்பான், அதற்கெல்லாம் அவனுக்கு உறுத்தல் இல்லை. ஆரோக்கியமேரி அக்காவை எப்படி அந்த மேசையில் விரித்தேன் என்று நினைத்தவன், தரம் எழுதாமலே அந்தத் தோலை மடித்து வைத்தான்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். பைபாஸ் ஓரத்தில் ஷூ கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

"சாமு! தம்பி, நில்லு நில்லு!"

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா குறுக்கே வந்தார். நிறுத்தாமல் என்ன செய்வது.

"உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன். சனிக்கெழமை பயிற்சிக்கு நான் வரல, சொல்லிடு. வேலூருக்குப் போறேன், ஆஸ்பத்திரிக்கு. லீவு சொல்லிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கா? இன்னாக்கா உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒன்னுமில்ல. காதுதான்." அக்கா தலைமுடியை ஒதுக்கிக் காதைத் தொட்டுக் காட்டினார், காதில் ஏதோ தெரியப்போகிற மாதிரி. "தையல் ஹால்ல இத்தினி வருசமா அந்தச் சத்தத்துல உக்காந்துக்கினு இருக்கறேன். காது போயிடுச்சி போலருக்குது. என் காதுக்குச் சரியாத்தான் கேக்குது, ஆனா பாட்டு ஒரு கட்டை இறங்குதுன்னா, அப்ப காதுதானே கெட்டுப் போச்சின்னு அர்த்தம்? நீ மட்டும் அந்த மிஷின் வெக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுப்பா. நல்லா இருப்ப."

சாமுவேல் பைக்கை ஸ்டாண்டு போட்டான். போடும்போது கால் நழுவி வண்டி சாய்ந்தது. அக்காதான் ஒரு கை கொடுத்து நிமிர்த்தினார்.

"இப்ப தையல் மிஷின் ஓட்டும்போதுகூடப் பாடறதில்ல" என்று அவரே தொடர்ந்து சொன்னார். "பக்கத்து மிஷின்காரி கேக்கறா, இன்னாக்கா வாய மூடிக்கினியேன்னு. தப்புத்தப்பாப் பாடி இத்தினி நாளு எல்லாரும் சகிச்சிக்கினு இருந்தாங்களோன்னு வெக்கமா இருக்குது."

"அக்கா, உங்க காதுக்கு ஒன்னுமில்ல."

"அத டாக்டரு சொல்லட்டும்."

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் பாடினீங்க. நான் எழுதினதுல தப்பு." லாரிகள் போகிற சத்தத்தில் அவன் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. கத்திக் கத்தி ஒவ்வொன்றாகச் சொன்னான்: ஒரு நூல் குறைந்தாலும் ஒரு முழுக் கட்டை குறைந்ததாகக் கணக்கு வைத்துவிட்டேன், கூட இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன், இப்போது சரி பண்ணிப் பார்த்தேன், உங்கள் பாட்டு சுத்தம்.

அக்கா அப்படியே நின்றார். முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. "அப்ப காது நல்லாத்தான் இருக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். நல்லாத்தான் இருக்கிறது என்று இவன் இரண்டு தடவையும் சொன்னான். அப்புறம் அவர் நெற்றி சுருங்கியது.

"ஏம்பா, அன்னிக்கு நீ அங்கியேதானே உக்காந்திருந்த? கேட்டுக்கினுதானே இருந்த? உன் காதுக்கு எப்படி இருந்திச்சி?"

மிஷின்மேல் பழியைப் போட இதுதான் கடைசி இடம். மிஷின் சொன்னதால் என் காதையே சந்தேகப்பட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அக்கா நம்பியிருப்பார்.

"நல்லா இருந்திச்சிக்கா" என்றான்.

"அப்பறம் இன்னாத்துக்குப்பா சொல்லல?"

அவன் தலை குனிந்தான். பிரிசில்லாவின் பேர் அவன் வாயில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அக்கா புரிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. "நேரமாச்சி, ஒலை வெக்கணும்" என்று சொல்லி, சாலையைப் பார்த்துக் கடந்து, தெருவுக்குள் போய்விட்டார். வெட்கத்தில் சாமுவேலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் பிரிசில்லாவிடம் சொன்னான். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக இருந்ததைக் கேட்டதும் அவள் உட்கார்ந்துவிட்டாள். "கடவுளே, காது டெஸ்ட்டா?" என்றாள். தன் காது சொன்னதைத் தான் மறைத்ததையும் அவன் சொன்னான். அதை அவளிடம் சொல்வது அக்காவிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் பாடும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வூட்டுக்கு வந்து, நல்லாப் பாடினன்னு சொன்னீங்களே."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பார்த்து 'நல்லா' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். பிரிசில்லா எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று அவனுக்குத் தெரியாது; சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பயிற்சிக்கு அக்கா வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்தார். சாமுவேல் எழுந்து நின்று, ஐயரும் இருக்கும்போதே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். மிஷின் தப்பு என்று ஐயர் பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தார். "மிஷின் தப்பில்லங்கய்யா" என்றான். "அது என்னக் கேட்டுத்தான் செஞ்சிச்சி. அக்கா நல்லாப் பாடினாங்கன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். பாட்டு எங்க வூட்டுக்கு வந்துச்சேன்னு வாய மூடிக்கினேன்." கூட்டத்தில் யாரோ ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார். பின்னால் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை இன்னும் பல வருடம் சபையில் சுற்றும் என்று அவனுக்குத் தெரியும்.

பிரிசில்லாதான் எழுந்து பின்வரிசைக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தாள். "எனக்கு வேணாம்மா, நீயே பாடு, ஊரெல்லாம் சொல்லி வெச்சிருப்ப" என்று அக்கா கையை இழுத்துக்கொண்டார். பிரிசில்லா விடவில்லை. அதைச் செய்வதற்கு அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது அங்கே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு நிறைந்திருந்தது. ஆற்காட்டிலிருந்து வந்த மாமியார், மகள் முன்னால் நிற்காமல் குழுவோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தனிக்குரல் வந்தது. அக்கா தொடங்கினார். அதே குரல்தான். விசிறிச் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி சபை அமைதியானது.

முதல் வரி முடிந்ததும் அக்கா திரும்பி சாமுவேலைப் பார்த்தார்.

இத்தனை வருடம் அக்கா பாடும்போது யாரையும் பார்த்ததில்லை. பாட்டுக்கு நடுவில் திரும்பி, சரியா என்று கேட்கிற அந்தப் பார்வையை சாமுவேல் அதற்கு முன் அவரிடம் கண்டதே இல்லை. அவன் அவசரமாகத் தலையாட்டினான். அவர் அடுத்த வரியைப் பாடினார். பாடி முடித்ததும் மறுபடி பார்த்தார். மறுபடி தலையாட்டினான். பாட்டு முடியும்வரை அவர் பார்ப்பதும் நிற்கவில்லை, இவன் தலையாட்டுவதும் நிற்கவில்லை. கேட்டவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்து பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா அவனிடம் வந்தார்.

"இறங்கலயே, தம்பி?"

"ரொம்ப நல்லா இருந்திச்சிக்கா."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்கா. சத்தியமா."

அக்கா சரி என்பதுபோல் தலையசைத்தார். பிறகு, கொஞ்சம் தள்ளித் தன் அம்மாவோடு நின்றுகொண்டிருந்த பிரிசில்லாவிடம் போய், அதையே அவளிடமும் கேட்டார்.